மீசைக்காரனும் ரொட்டிக்காரனும்

1

என் மகள் கொலம்பியாவில் ஒரு பறவை இனத்தையே காப்பாற்றிவிட்டாள் என்று கோலார் தங்கவயலில் பேசிக்கொள்கிறார்களாம். அங்கே கோரமண்டல் பகுதி வாசகசாலைக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். ‘நம் ஊர்ப் பெண்ணின் சாதனை’ என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை எனக்கு விடவில்லை, அவர்களே வைத்துவிட்டார்கள். அந்தப் பறவை சாப்பிட ருசியாக இருக்குமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். வந்த கேள்விகளில் அது ஒன்றுதான் உருப்படி.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் யசோதரை. கோரமண்டல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சுரங்க ஆட்களின் லைன் வீட்டில் பிறந்தவள். ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். வீட்டுக்காரர் முனிரத்தினம், ஸ்கெலட்டன்காரர். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தும் ஆட்களுக்கு மேஸ்திரி. மகள் சுஜாதா. இங்கே வரும்போது அவள் இடுப்பில் இருந்தாள்.

சாதனை என்ன என்று கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அச்சடிக்கத் தோன்றினால் அடித்துக்கொள்ளுங்கள்.

2

தங்கவயல் கம்பெனி அரசாங்கத்தின் கைக்குப் போனபோது எங்கள் லைனில் கொடி கட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். பலகையில் பெயர் மாறியது. சங்கு மட்டும் அதே நேரத்துக்கு ஊதியது. என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரிந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் மூட்டை கட்டிக்கொண்டு கொலம்பியாவின் மலைச் சுரங்கம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். ஆழத்தில் வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று சில வருஷம் கழித்து இவரைக் கூப்பிட்டார். பக்கத்து ஊரான பூதிகோட்டையைத் தாண்டி அதிகம் போயறியாத நான் கப்பலேறினேன்.

வந்த முதல் வாரம் காலையில் வேலியோரம் ஏதோ கத்தியது. மூன்று சுரம், ஒரே மாதிரி, விடாமல். பக்கத்து வீட்டு ரொசால்பாவிடம் அது என்னவென்று கையால் கேட்டேன். “கோம்ப்ரா பான்” என்றாள். அகராதியைப் புரட்டினேன். ‘ரொட்டி வாங்கு’ என்று இருந்தது. சரி, இந்த ஊரில் விடிந்ததும் ரொட்டி வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று போய் வாங்கி வந்தேன். மறுநாளும் கத்தியது, கேட்டேன், அதையே சொன்னாள், வாங்கினேன். ஒரு வாரம் வீடு முழுக்க ரொட்டி. கடைசியில் ரொசால்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வேலிக்குக் கீழே காட்டினாள். அந்தப் பறவையின் பெயரே அதுதானாம். அது கத்துவது இவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறதாம்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்கா இத்தனை ரொட்டி? ஒரு முட்டைக்கு இரண்டு நீளக் குச்சி நட்டு நிறுத்தியது போல இருந்தது. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. பறக்கப் பிடிக்காமல், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டவன் போலத் தரையில் ஓடியது.

இதன் சாதிக்கு ஆங்கிலத்தில் எறும்புப் பிட்டா என்று பெயர். நம் பக்கம் குளிர்காலத்தில் வந்துபோகும் ஆறுமணிக் குருவியையும் பிட்டா என்பார்கள். அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. தரையில் எறும்பும் மண்புழுவும் பொறுக்கித் தின்று, யார் கண்ணிலும் படாமல் வாழும் சாதி இது. இதில் பல வகை உண்டு. எங்கள் மலையில் உள்ளவை இரண்டு.

வேலியோரம் கத்துவது ரொட்டிக்காரன். செம்பட்டைத் தலை, வெள்ளை வயிற்றில் கோடு கோடாகப் பழுப்பு. காட்டோரம், சோளக்கொல்லை, மாட்டுக் கொட்டகையின் பின்புறம், எங்கே புதர் இருந்தாலும் பிழைத்துக்கொள்வான். காட்டை வெட்ட வெட்ட அவனுக்குக் கொண்டாட்டம்.

மற்றவன் மீசைக்காரன். சாம்பல் தலை, காப்பிக்கொட்டை நிற முதுகு, தாடையின் இரு புறமும் வெள்ளைக் கீற்று. எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பாசி தொங்கும் பழைய மரங்கள், வருஷம் முழுக்க மேகம், பகலிலும் இருட்டு. அங்கேதான் இருப்பான், வெளியே வரமாட்டான். வெறும் பானைக்குள் யாரோ ஊதுவது போல அடிக்குரலில் தொடங்கி மெல்லப் பெருகும் ஒரு சத்தம். கேட்டவர்கள் உண்டு, பார்த்தவர்கள் அபூர்வம்.

இருவரின் நிலைமை பற்றிப் படித்தவர்களிடம் கேட்டால், முதல்வனுக்குக் கவலையில்லை என்பார்கள். இரண்டாமவனைப் பற்றித் தெரியாது என்பார்கள். அருங்காட்சியகத்தில் ‘தெரியாது’ என்பதைத் தடித்த எழுத்தில் அச்சடித்து மரியாதையாக வைக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்ன பிள்ளையை பெஞ்சு மேல் ஏற்றுவோம்.

3

சுஜாதாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போனதுதான் எனக்கு நேர்ந்த முதல் தோல்வி. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சுஹாத்தா. அங்கே சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் என்னை ‘மாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். இங்கே அம்மாவை அப்படித்தான் அழைப்பார்களாம். அப்பா ‘பாப்பா’ ஆகிவிட்டார்.

“நான் உனக்கு அம்மாவா, மாமியா?” என்று கரண்டியோடு துரத்தியிருக்கிறேன். “ரெண்டும் ஒண்ணுதானே மாமி” என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வரும். அறுபது கிலோ எடையும் சுரங்கத் தூசியுமாக வீட்டுக்கு வரும் மனிதரை “பாப்பா வந்தாச்சு” என்று அவள் வரவேற்பதைக் கேட்டு ஸ்கெலட்டன்காரர் வெட்கமில்லாமல் சிரிப்பார்.

தமிழ் எழுத உட்கார்த்தினால் காட்டுக்கு ஓடினாள். கல்யாண வயது வந்தபோது பள்ளத்தாக்கில் எந்தக் கொடிக்கு அடியில் எந்தப் பறவை என்று அவளுக்கு அத்துப்படி. மீசைக்கார ஜோடி ஒன்றை மணிக்கணக்காகக் குந்தியிருந்து பார்ப்பாள். “இதுக்கா உன்னைப் பெத்தேன்?” என்பேன். சேறு அப்பிய காலோடு வந்து சோறு கேட்பாள்.

அந்தப் பள்ளத்தாக்கின் மேல்தான் இந்த ஊர்ச் சுரங்கக் கம்பெனிக்குக் கண் விழுந்தது. சுரங்கம் ஆழமாகப் போகப் போகத் தூணுக்கு மரம் அதிகம் தேவைப்பட்டது. பள்ளத்தாக்கில் இருப்பதை வெட்டிக்கொள்ள வன இலாகாவிடம் அனுமதி கேட்டார்கள்.

வீட்டில் சண்டை மூண்டது. என் வீட்டுக்காரர் குரலை உயர்த்திப் பேசாதவர். அன்று தட்டைத் தள்ளிவிட்டார்.

“மேல ரெண்டு குருவி கீது. கீழ அத்தினி ஆளு கீறான். நீ எத்த பாப்ப?”

“பாப்பா, மரம் வேற எடத்துலயும் கீதே” என்றாள் சுஜாதா.

“உன் சித்தப்பன் மேல பாறை வந்து வுழுந்தப்போ வேற எடத்துல மரம் கீதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாறை வெடிக்கும்போது எங்கள் ஊரில் வீடு இருந்தவர்களுக்குத் தெரியும். பூமி ஒரு தரம் உலுக்கும். அடுக்கிய தட்டுகள் கலகலக்கும். பிறகு எல்லாப் பெண்களும் சுரங்கக் குழியின் ஷாப்டு வாசலுக்கு ஓடுவோம். அன்றைக்கு ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்தபோது என் கொழுந்தனைக் கோணியால் மூடியிருந்தார்கள். செருப்பை வைத்துத்தான் இவர் அடையாளம் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பறவைக்காக மரத்தை விடு என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கும் அந்தப் பறவை ஒன்றும் மாமன் மச்சான் இல்லையே.

4

வன இலாகா அதிகாரி ஜீப்பில் வந்தார். பள்ளத்தாக்குக்கு அருகில் எங்கள் வீடுதான் இருக்கிறது என்பதால் சாப்பாடும் எங்கள் தலையில் விழுந்தது. சுரங்க மானேஜரும் கூட வந்தார். நான் செய்த கோழிக் குழம்பை அதிகாரி வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். காட்டுக்குள் அவர் காலடி வைக்கவில்லை. மழை என்றார். இங்கே மழை இல்லாத நாள் எது?

மகள் முன்வந்து சொன்னாள். “ஐயா, இந்தப் பள்ளத்தாக்குல அரிதான ஒரு தொரொரோய் இருக்கு.” எறும்புப் பிட்டாக்களுக்கு இங்கே உள்ள பொதுப்பெயர் அது.

அந்த நேரம் பார்த்து வேலியோரம் ரொட்டிக்காரன் தொண்டையைத் திறந்தான். அதிகாரி கரண்டியை நிறுத்தி, “இது என்ன?” என்று கேட்டார்.

“இதுவும் தொரொரோய்தான். ஆனா இது வேற...”

“என் பாட்டி வீட்டுக் கொல்லையிலும் இது கத்தும். அரிதாவது ஒன்றாவது!” என்று மானேஜர் அதிகாரியையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார். “தொரொரோய் என்றால் தொரொரோய்தான், மகளே.”

எங்கள் ஊரில் துரைமார்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஷிப்டு முடிந்து மேலே வரும் ஆட்களைப் பார்த்து, எல்லோரும் ஒரே முகமாக இருக்கிறார்கள் என்று கிளப்பில் சொல்லிச் சிரிப்பார்களாம். அந்த ஒரே முகத்தைத்தான் என் வீட்டுக்காரர் செருப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். எனக்கு அதுவரை பறவை மேல் பாசமில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அதிகாரியின் தட்டில் இரண்டாவது கரண்டிக் குழம்பை ஊற்றாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சுஜாதா விடவில்லை. ஊர்ப் பாதிரியாரிடம் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, மீசைக்காரனின் சத்தத்தைப் பதிவு செய்து, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இலாகா ஆபீசுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசி மேசையில் அதே அதிகாரி. முழுக்கக் கேட்டார். அழகான குரல் என்றுகூடச் சொன்னார்.

“ஆனால் குரலைக் கோப்பில் வைக்க முடியாதே. இதன் மேல் எங்கே முத்திரை குத்துவது? உடல் வேண்டும். அருங்காட்சியகத்தார் கையெழுத்துப் போட்ட உடல்.”

உயிரோடு இருக்கிறது என்பதற்கு உடல் வேண்டுமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் ஸ்பானிய அறிவைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக் கண்டக்டரிடம் “எனக்குக் கல்யாணமாகிவிட்டது” என்றேன். களைத்துவிட்டேன் என்று சொல்லவேண்டியது. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். பஸ்ஸே வாழ்த்தியது. சுஜாதா மட்டும் சிரிக்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

சுஜாதா எழுதிய கடிதத்தைப் பார்த்து, தலைநகர் அருங்காட்சியகத்திலிருந்து பறவை ஆராய்ச்சி டாக்டர் ஒருவர் வந்தார். மென்மையான மனிதர். பறவைகள் மேல் தனக்குள்ள அன்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துத் துடைத்தார்.

“வலை போட்டுப் பிடிச்சு, போட்டோ எடுத்து விட்டுடலாமே” என்றாள் சுஜாதா.

“விட்டுவிட்டால் என் கையில் என்ன இருக்கும்? இந்தப் பறவையின் உடல் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று கிடைத்தால் இந்தப் பள்ளத்தாக்கை யாரும் தொட முடியாது. எங்கே இருக்கும் என்று நீ காட்டினால் ஒன்றோடு முடிந்துவிடும். காட்டாவிட்டால் நான் தேட வேண்டும். தேடும்போது இரண்டும் போகலாம்.”

அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுக்களையில் என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“காட்டலன்னா காடு போயிடும். காட்டுனா அது போயிடும். நீ சொல்லு.”

“அந்தாளு மூட்டையத் தூக்கி வெளிய போடட்டுமா? அத வேணா சொல்றேன்.”

“அப்புறம் மரம் வெட்ட வருவானே.”

அவளே எழுந்து முகம் கழுவிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

மறுநாள் காலை டாக்டரோடு நாங்கள் இருவரும் போனோம். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. முழங்கால் அளவு இலைச்சருகில், கொடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஓடைக்கு மேலே விழுந்து கிடந்த ஒரு மரத்தருகில் அவள் நின்றாள். அந்தப் பானைச் சத்தத்தை அவளே வாயால் எழுப்பினாள். அச்சு அசலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பிறகு மரத்தின் மேல் ஒரு நிழல் ஏறி நின்றது. சாம்பல் தலை, இரண்டு வெள்ளைக் கீற்று. என் வாழ்வில் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். என்னைத்தான் கூப்பிட்டீர்களா என்பது போலத் தலையைச் சாய்த்தது.

வெடித்தது. சுஜாதா கண்ணை மூடவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து டாக்டர் அதன் தோலை உரித்தார். வயிற்று இறகை ஒதுக்கியவர், “அடடா!” என்று மகிழ்ந்து எங்களைக் கூப்பிட்டார். வயிற்றில் ஒரு இடம் இறகில்லாமல், மொழுமொழுவென்று சிவந்திருந்தது.

“அடைகாக்கும் பறவைக்குத்தான் இப்படி இருக்கும். இங்கே வசிப்பது மட்டுமல்ல, குஞ்சும் பொரிக்கிறது! இதைவிட நல்ல சான்று கிடைக்காது.”

சுஜாதா காலில் ஒன்றும் போடாமல் வெளியே ஓடினாள்.

கூட்டை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டாள். பாசிக் கிண்ணம் ஒன்றில் இரண்டு நீல முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும் இனம் என்பதால் ஜோடியில் மற்றது வந்து உட்காரும் என்று காத்திருந்தாள். வந்தது, உட்கார்ந்தது. பசித்ததும் எழுந்து போனது, வந்தது. மாற்றி விடத்தான் ஆள் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. தினமும் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம் என்னையும் அழைத்துப் போய் முட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஆற்றங்கரைக் கூழாங்கல்லின் குளிர்ச்சி.

“நீ செய்யலைடி” என்றேன்.

“நான்தான் கூப்ட்டேன்” என்றாள். “என் குரலுக்குத்தான் வந்துச்சு.”

6

டாக்டர் சொன்னபடியே நடந்தது. இலாகாவின் கோப்பில் உடல் சேர்ந்தது, முத்திரை விழுந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மீசைக்காரன் வாழ்வதாகவும், இனம் பெருக்குவதாகவும், அதனால் மரம் வெட்டக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. அந்த இரண்டையும் நிறுத்திக்கொண்ட பறவைதான் அதற்குச் சாட்சி.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து நீலகிரித் தைல மரம் வாங்கி லாரியில் ஏற்றியது. மளமளவென்று வந்து இறங்கியது. ஆட்களின் உயிர், ஆட்களின் உயிர் என்று மானேஜர் நெஞ்சில் அடித்துக்கொண்டதெல்லாம் லாரி வாடகைக்காகத்தான். என் வீட்டுக்காரர் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, “நல்ல மரம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “முன்னாடியே வாங்கியிருக்கலாம். நம்மள வச்சி ஆடிட்டானுங்க” என்றார். மகளிடம் நேராக மன்னிப்புக் கேட்க அவருக்கு வரவில்லை. அவள் தட்டில் கறித்துண்டுகளை எடுத்துப் போட்டார்.

பிறகு கம்பெனி விழா எடுத்தது. பள்ளத்தாக்கின் வாயில் பெரிய பலகை: ‘இந்த அரிய பறவையை எங்கள் நிறுவனம் பாதுகாக்கிறது.’ திரையை விலக்கினார்கள். செம்பட்டைத் தலை, வயிற்றில் கோடு. ஓவியர் கண்ணில் பட்டது ரொட்டிக்காரன்தான் போலிருக்கிறது. நான் மானேஜரிடம் போய், பறவை தப்பு என்றேன். மறுநாள் ஒருவன் ஏணியோடு வந்து ரொட்டிக்காரனுக்கு வெள்ளைப் பெயிண்டால் மீசை வரைந்துவிட்டுப் போனான். உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பறவையை எங்கள் கம்பெனி இன்று பாதுகாத்து வருகிறது.

நீங்கள் கேள்விப்பட்ட சாதனை இதுதான்.

7

சுஜாதா இப்போது எங்களோடு இல்லை. அந்த டாக்டரின் அருங்காட்சியகத்திலேயே உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டு, அது கிடைத்துவிட்டது. சொன்ன அன்று நான் ஆடித் தீர்த்தேன்.

“கொன்னவன் கிட்டயே போய் வேல செய்வியா? வெக்கமா இல்ல?”

“அவரு அடுத்த தடவ பொட்டியத் தொறக்கும்போது, வலை போதும்னு சொல்ல அங்க ஒரு ஆளு வேணும்ல?”

“நீ சொன்னா கேட்டுடுவானா?”

“கேக்கமாட்டாரு. மறுபடியும் சொல்லுவேன்.”

பத்தொன்பது வயதில் எனக்கு அந்தத் திமிர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைச் சொல்லாமல், ஊருக்குப் போய் மாப்பிள்ளை பார்க்கலாமென்று இருந்தேனே என்று புலம்பினேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

பஸ் நிலையத்துக்கு அவள் அப்பா பெட்டியைத் தூக்கி வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைப் பக்கம் பார்த்தபடி நின்றேன். பஸ் புறப்படும்போது சன்னல் வழியாக அவள் கையை நீட்டினாள். பிடிக்கவில்லை. கோபத்தில் இருப்பவள் எப்படிப் பிடிப்பாள்? கை அப்படியே நீண்டிருந்தது. பஸ் நகர்ந்தது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கூடவே ஓடி, கடைசியில் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.